பழைய எண், புதிய அளவு: மினிவேன் எஞ்சின் அண்டர் கவர் பற்றிய புகார்

அனுப்புநர்
மினிவேன் உரிமையாளர்களும் பணிமனை நடத்துவோரும்,
கும்பகோணம் – மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி வட்டாரம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு,
வாகன உதிரிபாக உற்பத்தி நிறுவனம், சென்னை.

நாள்: 12.09.2025

பொருள்: டீசல் மினிவேன் எஞ்சின் அண்டர் கவர் – முன் விளிம்பு குறைவு, துளைக் குறைபாடு – மாற்றித் தரவும், இருப்பில் உள்ளதைத் திரும்பப் பெறவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எஞ்சினுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் கவரை உங்கள் பில்லில் ஸ்பிளாஷ் ஷீல்டு என்று போடுகிறீர்கள். எங்கள் பட்டறைகளில் அதற்கு அண்டர் கவர் என்று பேர். கடந்த ஜூன் மாதத்திலிருந்து உங்கள் விநியோகஸ்தரிடம் இதில் 11 வாங்கினோம். 8 கிழிந்துவிட்டன. மூன்று மாதம் தாண்டியது ஒன்றுகூட இல்லை. வாரன்டியில் மாற்றித் தரக் கேட்டதற்கு, "சாலையில் அடிபட்ட சேதம், வாரன்டியில் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அது சரியான பதில் இல்லை என்பதை அளந்து காட்டவே இந்தக் கடிதம்.

பெட்டியின் மேல் உள்ள பாக எண் மாறவில்லை. உள்ளே இருக்கும் பொருள் மாறிவிட்டது. பழைய கவரையும் புதியதையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அளந்தோம். பம்பருக்குள் போய் உட்கார வேண்டிய முன் விளிம்பு பழையதில் 32 மி.மீ., புதியதில் 20 மி.மீ. இந்த 12 மி.மீ. குறைவுதான் எங்கள் புகாரின் மையம்.

ஓட்டு வீட்டில் ஓடு வேய்வதைப் பார்த்தவருக்கு இது உடனே புரியும். தண்ணீர் வரும் பக்கத்து ஓடு மேலேயும், போகும் பக்கத்து ஓடு அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் இடுக்கில் நுழைந்துவிடும். வண்டியின் அடியிலும் அதே கணக்குதான், தலைகீழாக. காற்றும் நீரும் முன்னாலிருந்து வருவதால் பம்பரின் கீழ் உதடு வெளியே, அதாவது தரைப்பக்கம், இருக்க வேண்டும். அண்டர் கவரின் முன் விளிம்பு அதற்கு மேலே, உட்பக்கமாகப் படிய வேண்டும். பழைய கவர் பம்பர் உதட்டின் மேல் 20 முதல் 22 மி.மீ. வரை ஏறி உட்காரும். புதியது 8 முதல் 10 மி.மீ. மட்டுமே ஏறுகிறது. மாட்டும்போது பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். வேகத்தில் பம்பர் லேசாக அதிர்ந்ததும் அந்தப் பிடி நழுவி, விளிம்பு வெளியே வந்து தொங்க ஆரம்பிக்கும். அதன்பின் அது நீரை அள்ளும் முறம் போல ஆகிவிடுகிறது.

தண்ணீரின் விசையைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். சாலையில் தேங்கிய நீருக்குள் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது, 900 மி.மீ. அகலத்துக்கு 2 செ.மீ. மட்டும் தொங்கும் விளிம்பின் மேல் ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். அதைத் தாங்குவது நடுவில் இருக்கும், 10 எம்எம் ஸ்பேனர் போடும் நான்கு 6 மி.மீ. போல்ட்டும், ஓரத்தில் அழுத்திச் செருகும் பிளாஸ்டிக் புஷ் கிளிப்புகளும்தான். கிளிப் முதலில் பிய்ந்து போகும். பிறகு போல்ட் துளை கிழியும்.

துளைகளிலும் குறை இருக்கிறது. பழைய கவரில் பின்பக்கத் துளைகள் நீள்வட்டம், 7-க்கு 13 மி.மீ.; உள்ளே இரும்பு காலர், அதாவது துளை ஓரத்தைக் காக்கும் வளையம், உண்டு. புதியதில் எல்லாமே 7 மி.மீ. வட்டத் துளை, காலரும் கிடையாது. கவர் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். சூட்டில் அது இரும்பைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு நீளும். விடிகாலையில் 25 டிகிரியில் இருக்கும் கவர், எஞ்சின் ஓடி 70 டிகிரிக்குப் போனால் 900 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 5 மி.மீ. நீளும். அதை மாட்டியிருக்கும் இரும்பு பிரேம் அதே சூட்டில் அரை மி.மீ. அளவுதான் நீளும். மிச்சம் நான்கரை மி.மீ. எங்கே போகும்? நீள்வட்டத் துளை இருந்தால் கவர் போல்ட்டின் மேல் வழுக்கி நகர்ந்துகொள்ளும். வட்டத் துளையில் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுற்றிலும் அரை மி.மீ. இடம்தான். அதனால் கவர் நடுவில் வயிறு போலப் புடைத்துக் கீழே இறங்குகிறது. இரவில் சுருங்கும்போது துளையின் ஓரத்தை இழுக்கிறது. தினமும் இதே இழுபறி.

அதன் அடையாளம் கிழிந்த கவர்களில் தெளிவாக இருக்கிறது. எட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் பின்பக்கத் துளையைச் சுற்றி, கறுப்புப் பிளாஸ்டிக் பால் தெளித்ததுபோல வெளுத்திருக்கிறது. நடுத்தர அளவில் ஒரு காசு வைத்தால் மறையும் அளவு. அந்த வெளுப்பின் நடுவிலிருந்துதான் விரிசல் கிளம்பி முன்னோக்கி ஓடுகிறது. கல்லோ வேகத்தடையோ அடித்திருந்தால் அடிப்பரப்பில் கீறலும் பள்ளமும் இருக்கும், விரிசல் அந்த இடத்தில் தொடங்கும். எட்டில் ஆறு கவர்களின் அடிப்பரப்பில் கீறலே இல்லை. அச்சில் வார்த்த புள்ளிப்பூ வேலைப்பாடு அப்படியே இருக்கிறது. இந்த ஆறையும் "சாலையில் அடிபட்டது" என்று எழுதிய உங்கள் பரிசோதகர் கவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்க முடியாது.

மாட்டியதில் தவறு என்று சொல்வீர்களானால், மாட்டிய முறையையும் எழுதிவிடுகிறோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்குகிறோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதில்லை. முதல் வேலை கழுவுவது. எங்கள் ஊர்க் களிமண் காய்ந்தால் செங்கல். மரையில் மண் இருக்கும்போது போல்ட்டைத் திருகினால், போல்ட்டைப் பிடிக்கும் யு வடிவக் கவ்வு நட்டு (யு-நட்டு) சேர்ந்து சுற்றும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் போல்ட் தலையே உதிர்ந்திருக்கும். துரு ஆயில் அடித்து கால் மணி நேரம் விட்டுத்தான் கழற்றுகிறோம். துருப்பிடித்த யு-நட்டைத் திரும்பப் போடுவதில்லை. முன் விளிம்பை பம்பருக்குள் செருகி, டார்ச் அடித்து இரு பக்கமும் படிந்திருப்பதைப் பார்த்த பிறகே, எல்லா போல்ட்டையும் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குகிறோம். 6 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்சில். இம்பாக்ட் கன் இந்த வேலைக்கு எடுப்பதே இல்லை. சக்கர உள் லைனரின் ஓரம் கவருக்கு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைப் பழைய மண் கோட்டைப் பார்த்தே வைக்கிறோம். கடைசியாக ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஆக்சில் ரப்பர் பூட்டில் உரசல் இல்லை என்று பார்த்து, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை போல்ட்டைச் சோதிக்கிறோம். கிழிந்த எட்டும் இப்படி மாட்டப்பட்டவைதான்.

பெட்டிக்குள் யு-நட்டும் கிளிப்பும் இல்லை, எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரைன் போல்ட்டுக்கான சிறு கதவு இல்லை, நீர் வடியும் துளைகள் ஆறிலிருந்து இரண்டாகிவிட்டன. ஆயில் மாற்ற ஒவ்வொரு முறையும் முழுக் கவரையும் கழற்ற வேண்டியிருப்பதால் துளைகளின் ஆயுள் இன்னும் குறைகிறது. விலை மட்டும் 1,850 ரூபாயிலிருந்து 2,340 ரூபாய்.

இது ஒரு பிளாஸ்டிக் தகடுதானே என்று உங்கள் அலுவலகத்தில் யாரேனும் நினைக்கலாம். கவர் இல்லாத வண்டியில் சேற்று நீர் நேரே பெல்ட்டின் மேல் அடிக்கிறது. பெல்ட் நனைந்து கீச்சிட்டு வழுக்கும், சார்ஜ் குறையும். களிமண் தண்ணீர் ஆல்டர்னேட்டர் பேரிங்கில் ஏறினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஏ.சி. கம்ப்ரசர் கிளட்ச், கிராங்க் சென்சார் ஒயர் சாக்கெட் எல்லாம் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. ரேடியேட்டர் வழியாகப் போக வேண்டிய காற்றும் கீழே ஒழுகிப்போவதால், தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலையில் ஏழு பேரோடு ஏ.சி. போட்டு ஓடும்போது சூட்டு முள் ஏறுகிறது.

எங்களுக்குப் பெரிய பயம் வைக்கோல். இப்போது குறுவை அறுவடை நடக்கிறது. பெல்ட் போட்ட அறுவடை இயந்திரங்கள் வயலிலிருந்து ஏறும் இடமெல்லாம் சாலையில் சேறும் வைக்கோலும் கிடக்கும். கோடையில் உளுந்து, பயறுச் செடிகளை வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். ஓட்டுநருக்கு ஒதுங்க இடமிருக்காது. முன் விளிம்பு தொங்கும் கவர் அந்தச் செடியையும் வைக்கோலையும் வாரி உள்ளே தள்ளுகிறது. கிழிந்த கவர் ஒன்றைக் கழற்றியபோது, மேல்பரப்பில் இரண்டு கைப்பிடி வைக்கோல் சேற்றோடு பிசைந்து காய்ந்து, சைலன்சர் குழாய்ப் பக்கம் பழுப்பேறிக் கருகியிருந்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடாகிறது. காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள அவ்வளவு சூடு வேண்டியதில்லை. இந்த வண்டிகளில் காலையில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். இதை மனத்தில் வைத்து இந்தக் கடிதத்தைப் படியுங்கள்.

உங்கள் விநியோகஸ்தர் மாற்றாக, எஞ்சின் அடிப்பகுதியைக் காக்கும் இரும்புத் தகடான சேம்பர் கார்டு மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். நாங்கள் மறுத்துவிட்டோம். இரண்டு மி.மீ. இரும்புத் தகடு கவரைவிடப் பல மடங்கு கனம். பிளாஸ்டிக்கைத் தாங்கவென்று வைத்த 6 மி.மீ. போல்ட்டுகள் அந்த எடையைக் குண்டும் குழியுமான சாலையில் தாங்காது. மேலே விழுந்த வைக்கோலை அந்தத் தகடு சூட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயில் கசிவும் வெளியே தெரியாது. கல் நிறைந்த மலைப்பாதை வண்டிக்கு அது பொருந்தலாம். சேறும் தண்ணீரும் உள்ள எங்கள் சாலைக்கு வேண்டியது சரியான அளவில் வார்த்த பிளாஸ்டிக் கவர்தான்.

ஆகவே கேட்பது இவை. கிழிந்த எட்டுக் கவர்களுக்கும், மாட்டியும் மாட்டாமலும் இருக்கும் மற்ற மூன்றுக்கும், பழைய அளவில், அதாவது 32 மி.மீ. முன் விளிம்பு, நீள்வட்டத் துளை, காலர், டிரைன் கதவு ஆகியவற்றோடு, புதிய கவர் தர வேண்டும். இல்லையென்றால் முழுப் பணத்தையும், கழற்றி மாட்டிய கூலி வண்டிக்கு 400 ரூபாயையும் தர வேண்டும். புதிய அளவில் வார்த்தவற்றைக் கடைகளிலிருந்து உடனே திரும்பப் பெற வேண்டும். அளவை மாற்றினால் பாக எண்ணையும் மாற்றுங்கள். பழைய எண்ணை நம்பி வாங்குகிறவர் ஏமாறக் கூடாது. டீசல், பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்குக் கவர் வேறு வேறு என்பதால், எந்தச் சேஸிஸ் எண் வரிசைக்குப் பொருந்தும் என்று பெட்டியின் மேல் அச்சிடுங்கள். முன் விளிம்பு பம்பர் உதட்டுக்கு மேலே படிய வேண்டும் என்ற படத்தோடு, மாட்டும் முறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து உள்ளே வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் வண்டிகளுக்குக் கவர் வேண்டும் என்பதால், இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. உங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பினால், பழைய கவர், புதிய கவர், கிழிந்த எட்டு ஆகியவற்றை ஒரே மேசையில் வைத்து, வெர்னியர் அளவுகோலோடு காத்திருப்போம். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு பற்றிய பிரிவுகளின்படி, நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். பில் நகல்கள், அளந்த குறிப்பு, துளைகளின் அருகாமைப் படங்கள், உங்கள் மறுப்புக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். கிழிந்த கவர்களைத் தபாலில் அனுப்பவில்லை. நேரில் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர்கள், பணிமனை நடத்துவோர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)
கும்பகோணம்