'நச்சு இல்லை' என்று எழுதாதீர்கள்: காளான் பரிசோதனை ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

காளான் மாதிரிகளை எலிசா (நிறத்தின் அளவால் நச்சைக் கணக்கிடும் சோதனை) தட்டிலோ பட்டைச் சோதனையிலோ பார்த்து அறிக்கை தரும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அமானிட்டின் என்ற காளான் நச்சைத் தேடும் பட்டையில் சோதனைக் கோடு, கட்டுப்பாட்டுக் கோடு இரண்டும் தெரிந்தால், அதாவது அந்த நச்சு அகப்படாவிட்டால், அறிக்கையில் 'நச்சு இல்லை' என்று எழுதக் கூடாது. இதைக் கேட்கத்தான் இந்த மடல். அந்தப் பட்டையில் உள்ள எதிர்ப்பொருளுக்கு (குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பற்றும் புரதம்) அடையாளம் தெரிவது அமானிட்டின் அடங்கிய அமடாக்சின் என்ற ஒரே நச்சுக் குடும்பம். சில கார்ட்டினேரியஸ் காளான்களில் சிறுநீரகத்தை அழிக்கும் ஒரெல்லானின் இருக்கிறது. ஜைரோமிட்ராவில் ஜைரோமிட்ரின் இருக்கிறது. அமானிட்டா மஸ்காரியாவில் மஸ்கிமால் இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அதன் கண்ணில் படாது. காளானைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு இந்தச் சோதனையால் பதில் சொல்லவே முடியாது. 'அமடாக்சின் கண்டறியப்படவில்லை' என்று எழுதுங்கள். பக்கத்திலேயே கண்டறியும் எல்லையையும், எந்தெந்த நச்சுகளைச் சோதிக்கவில்லை என்பதையும் சேருங்கள்.

கோட்டைப் படிப்பதிலேயே தவறு நேரலாம். ஆல்ஃபா அமானிட்டின் எட்டு அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை சுமார் 919. இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரே நேரத்தில் பற்ற அதில் இடமில்லை. ஆகவே போட்டி முறைதான் வழி: மாதிரியில் உள்ள நச்சும் சோதனையில் ஏற்கெனவே வைத்த நச்சும் எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடும். மாதிரியில் நச்சு கூடக்கூட எலிசாவில் நிறம் குறையும், பட்டையில் சோதனைக் கோடு மறையும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகிய கண் இதைத் தலைகீழாகப் படித்துவிடும். மங்கலான கோட்டை ஒருவர் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையென்றால் அந்தப் பட்டை செல்லாது.

2020-இல் வெளியான ஒரு பட்டைச் சோதனை, அரிசி அளவு காளான் துண்டை வைத்துப் பத்து நிமிடங்களில் மி.லி.க்கு 10 நானோகிராம் ஆல்ஃபா அமானிட்டினைக் கண்டுபிடித்தது. இந்த நுண்மை உங்களுக்குப் பெரிய வசதி. கணக்கைப் பாருங்கள். பச்சைக் காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். 30 மி.கி. துண்டில் உலர் எடை 3 மி.கி.தான். உலர் எடையில் கிராமுக்கு 1 மி.கி. நச்சு இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தத் துண்டை 1 மி.லி. தண்ணீரில் கலக்கும்போது மி.லி.க்கு 3,000 நானோகிராம் கிடைக்கும். எல்லையைப் போல 300 மடங்கு! சாற்றைத் தாராளமாக நீர்க்கச் செய்யலாம். தொந்தரவு தரும் மற்றப் பொருள்கள் அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் துண்டை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். தொப்பிக்கு அடியில் உள்ள செவுள்களில் அமடாக்சின் மிகுதி. தண்டின் அடி உறையில் குறைவு. சமைத்த மிச்சம் வந்தால் குழம்பையும் சேர்த்துச் சோதியுங்கள். நச்சு நீரில் கரையும், கொதிக்க வைத்தாலும் அழியாது.

எலிசாவில் எங்களை மிகவும் கவலைப்படுத்துவது காளானின் சொந்த நொதிகளும், சர்க்கரையைப் பற்றும் புரதங்களான லெக்டின்களும். காளானில் லாக்கேஸ் என்ற நொதி உண்டு, அது எலிசாவில் நிறம் தரும் டி.எம்.பி. என்ற பொருளைத் தானாகவே ஆக்சிஜனேற்றி நீலமாக்கும். லெக்டின்கள் தட்டில் உள்ள குழியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகள் உள்ள பெராக்சிடேஸை (டி.எம்.பி.யை நிறமாக்க எலிசாவில் சேர்க்கும் நொதி) பிடித்து வைக்கும். இரண்டாலும் கூடுதல் நிறம் வரும். போட்டி முறையில் கூடுதல் நிறம் என்றால் 'நச்சு குறைவு' என்றுதானே படிப்போம்? நச்சுக் காளான் நல்ல காளானாகத் தேறிவிடும். மற்றத் தவறுகளால் ஒரு மாதிரி வீணாகும், இதனால் ஓர் உயிர் போகலாம்.

தடுக்கும் வழி எளிது. நச்சு கொதியைத் தாங்கும் என்பதால், சாற்றைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல்தெளிவை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் எதிர்ப்பொருள் சேர்க்காத குழி ஒன்றை ஒதுக்குங்கள். அங்கே நிறம் வந்தால் முடிவை ஏற்காதீர்கள். மெத்தனாலும் அமிலமும் கலந்து சாறு எடுத்திருந்தால், பி.எச். 7.4 தாங்கல் கரைசலில் நீர்த்து, மெத்தனாலைப் பத்து சதவீதத்துக்குள் கொண்டுவந்த பிறகே தட்டில் இடுங்கள். அமிலச் சாற்றை நேராகப் பட்டையில் விட்டால், கோட்டுக்கு நிறம் தரும் தங்கத் துகள்கள் திரண்டுவிடும். சோடியம் அசைடு சேர்த்த கரைசலைப் பெராக்சிடேஸ் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். அது நொதியை முடக்கி நிறத்தைக் குறைக்கும், இல்லாத நச்சு இருப்பதாகக் காட்டும்.

எண்ணாக முடிவு தருவதாக இருந்தால், நச்சற்ற காளான் சாற்றில் தெரிந்த அளவு அமானிட்டினைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 80 முதல் 120 சதவீதம் வரை ஏற்கலாம். மாதிரியை 100, 200, 400 மடங்கு நீர்த்துக் கணக்கிட்ட மூன்று மதிப்புகளும் ஒத்துப்போக வேண்டும். நீர்க்க நீர்க்க மதிப்பு ஏறிக்கொண்டே போனால், அடர்ந்த சாற்றில் ஏதோ ஒன்று நச்சை மறைக்கிறது.

சோதனைப் பெட்டி வாங்கும்போது குறுக்கு வினை அட்டவணையை (எதிர்ப்பொருள் எந்தெந்த நச்சை எவ்வளவு பற்றும் என்ற பட்டியல்) கேட்டு வாங்குங்கள். ஆல்ஃபாவில் அமைடு இருக்கும் இடத்தில் பீட்டா அமானிட்டினில் கார்பாக்சிலிக் அமிலம் இருக்கிறது. இந்தச் சிறு மாற்றத்தால் சில எதிர்ப்பொருள்களின் பிடி பல மடங்கு தளர்ந்துவிடும். ஆகவே 'மொத்த அமடாக்சின்' என்று எலிசா எண்ணை எழுதுவது சரியல்ல. 'ஆல்ஃபா அமானிட்டினுக்குச் சமமான அளவு' என்று எழுதுங்கள். தனித்தனி அளவு தேவைப்பட்டால், நச்சுகளைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் எல்.சி.-எம்.எஸ். கருவிக்கு அனுப்புங்கள்.

மருத்துவமனையிலிருந்து சிறுநீர் மாதிரி வந்தால், காளான் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் படிவத்தில் கட்டாயமாக்குங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். நாள் கடந்து வரும் சிறுநீரில் நச்சு எல்லைக்குக் கீழே இறங்கியிருக்கலாம். கல்லீரல் பாதிப்போ அப்போதுதான் வெளிப்படும். அத்தகைய மாதிரியில் சோதனைக் கோடு தெரிந்தால், அதாவது நச்சு அகப்படாவிட்டால், 'இம்முடிவை வைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்' என்ற வரியை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
காளான் நச்சுப் பரிசோதனையில் ஈடுபட்டிருப்போர் சிலர்