பயிர் ரகம் வெளியான பிறகு என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேளாண் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழ் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். கோரிக்கை நியாயமானதுதான். 2025-26 பட்ஜெட்டில் வேளாண் ஆராய்ச்சி மற்றும் கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 10,466 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் நிர்வாகத்துக்கும் போய்விடுவதால், சோதனை வயலுக்கும் ஆய்வகத்துக்கும் மிஞ்சுவது குறைவே. ஆனால், அந்த நிதியைப் பகிர்ந்தளிக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் பணியை எப்படித் திட்டமிடுகிறது, முடிவில் எப்படிக் கணக்குச் சொல்கிறது என்ற கேள்வியைத் தலையங்கம் தொடவில்லை. வேளாண்மைத் துறையில் களப்பணி ஆற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1929-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தில் திட்டமிடுவதற்கான ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியாட்களைக் கொண்ட மறுஆய்வுக் குழு வந்து பார்க்கும். ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்துக்கும் தொடக்கத்தில் முன்மொழிவு, ஆண்டுதோறும் முன்னேற்றப் படிவம், முடிவில் இறுதி அறிக்கை என்று வரிசையாக எழுதித் தர வேண்டும். இத்தனையும் உள்ளே நடக்கிறது. வெளியே நம் கைக்கு வருவது பெரும்பாலும் வண்ணப் படங்களுடன் கூடிய ஆண்டறிக்கைதான். அதில் எத்தனை ரகங்கள் வெளியிடப்பட்டன, எத்தனை குவிண்டால் வல்லுநர் விதை (ரகத்தை உருவாக்கியவர்களின் மேற்பார்வையில் விளையும் மூல விதை) உற்பத்தியானது, எத்தனை விவசாயிகளுக்குப் பயிற்சி தரப்பட்டது என்ற எண்ணிக்கைகள் நிறைய இருக்கும். எதை அடைய நினைத்தோம், எதை அடைந்தோம், எது கைகூடவில்லை, ஏன் என்பதை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்காது.

2024 ஜூலை மாத பட்ஜெட் உரையில் 32 பயிர்களில் 109 புதிய ரகங்கள் வெளியிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 11 அன்று டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி வளாகத்தில் பிரதமர் அவற்றை வெளியிட்டபோது ரகங்கள் அதே 109. பயிர்கள் மட்டும் 61 ஆகியிருந்தன. இது சிறிய விஷயம், இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. நான் கேட்பது வேறு: அந்த 109-இல் எத்தனை இன்று விவசாயியின் வயலில் இருக்கின்றன?

ஒரு ரகம் அரசிதழில் அறிவிக்கப்பட்டுவிட்டால் மட்டும் விவசாயிக்குக் கிடைத்துவிடாது. அது வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதையாகவும், ஆதார விதையிலிருந்து விவசாயிக்கு விற்கப்படும் சான்று விதையாகவும் பெருக்கப்பட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பருவமாவது பிடிக்கும். இந்தச் சங்கிலி தொடங்க வேண்டுமானால், மாநிலத் துறைகளோ விதை நிறுவனங்களோ அந்த ரகத்தின் வல்லுநர் விதை தங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே இன்டென்ட், அதாவது தேவைக் கோரிக்கை, கொடுக்க வேண்டும். யாரும் கேட்காத ரகம் கோப்போடு நின்றுவிடும். ஆண்டறிக்கையிலோ அது சாதனையாக என்றென்றும் இருக்கும். 1986-இல் ஆந்திரத்தில் வெளியான பிபிடி 5204 நெல்லை இன்றும் டெல்டா விவசாயிகள் விதைக்கடையில் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான நெல் ரகங்களில் எவை தேறின, எவை தேறவில்லை, சந்தையா சுவையா நோயா எது காரணம் என்று ஆராய்ச்சிக் கழகம்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்குப் புதிதாகக் கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. இன்டென்ட் பட்டியல் ஆண்டுதோறும் தயாராகிறது. விதையின் போக்கைப் பின்தொடர 2023-இல் மத்திய அரசே ‘சாத்தி’ என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் ஆண்டறிக்கையோடு இணைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வெளியான ஒவ்வொரு ரகத்தின் இன்றைய நிலை என்ன என்று ஓர் அட்டவணை போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வெற்றி பெற்ற ரகத்துக்கும் தொடர்ந்து கணக்கு வேண்டும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மண்டல மையம் உருவாக்கி, 2009-இல் வெளியான கோ 0238 ரகம் உத்தரப் பிரதேசத்தில் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. சர்க்கரைக் கட்டுமானமும், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதமும், உயர்ந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. ஆனால் ஒரே ரகம் அவ்வளவு பரப்பில் பரவியதன் விலையாகச் செவ்வழுகல் நோய் பின்னர் அதைக் கடுமையாகத் தாக்கி, விவசாயிகள் ரகத்தை மாற்ற வேண்டிய நிலை வந்தது. பரவலைச் சாதனையாகக் குறிக்கும் அறிக்கை, எந்த அளவுக்கு மேல் அந்தப் பரவல் ஆபத்தாகிறது என்பதையும், மாற்று ரகங்களின் விதை எவ்வளவு கைவசம் இருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் சொல்லியாக வேண்டும்.

முழுத் தரவும் வெளியில் இருப்பதன் பயனை அண்மையில் பார்த்தோம். 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான ‘கமலா’, பிபிடி 5204-இலிருந்து உருவாக்கப்பட்டது. விளைச்சல் 19 சதவீதம் கூடும், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்றது கழகம். நெல் ரகங்களைப் பல இடங்களில் சோதித்துப் பார்க்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் ஆராய்ச்சித் திட்டத்தின் அறிக்கைகளில் உள்ள எண்களையே எடுத்துக்காட்டிச் சில அமைப்புகள் அந்த அறிவிப்பை மறுத்தன; கழகம் அவர்களுடைய குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் உண்மை என்பது வல்லுநர்கள் தீர்க்க வேண்டியது. ஆயினும், இடவாரியான சோதனை முடிவுகள் அச்சில் இருந்ததால்தான் அந்த விவாதமே சாத்தியமானது. மற்ற ஆய்வுத் திட்டங்களின் இறுதி அறிக்கைகளையும் அதுபோல் பொதுவில் வைப்பதில் கழகத்துக்கு என்ன தயக்கம்?

2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, வேளாண் ஆராய்ச்சியில் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 13.85 ரூபாய் பலன் கிடைப்பதாகச் சொன்னது. நிதி கேட்பவர்கள் அனைவரும் இந்த எண்ணையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது ஒரு சராசரி. எந்த ரூபாய் முளைத்தது, எந்த ரூபாய் மக்கிப்போனது என்பதை அது சொல்லாது.

ஆஸ்திரேலியாவின் தானிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தில், விவசாயியின் விற்பனையிலிருந்தே தீர்வை பிடிக்கப்பட்டு, அரசு அதற்கு ஈடாகத் தன் பங்கைச் சேர்க்கிறது. ஐந்தாண்டுத் திட்டமும் ஆண்டுச் செயல்திட்டமும் சட்டப்படி கட்டாயம். பணம் கொடுத்தவன் கேள்வி கேட்பான் என்பதால் அங்கே கணக்கு விவசாயியை நோக்கிச் சொல்லப்படுகிறது. நம் நாட்டிலும் 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைபொருள் ஏற்றுமதி மீதான தீர்வை ஆராய்ச்சிக்குச் சென்ற காலம் உண்டு. பின்னர் அது நீக்கப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று பெரும்பாலும் வரிப்பணம் என்பதால் கணக்கு அமைச்சகத்தை நோக்கியே எழுதப்படுகிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் ஆண்டறிக்கையைத் திருவாரூர் விவசாயி படிப்பார் என்று அதை எழுதியவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மத்திய நிதிக்குழுவின் ஐந்தாண்டுக் காலத்தையொட்டி 2026-31-க்கான திட்டங்கள் வகுக்கப்படும்போதாவது, கைவிடப்பட்ட திட்டங்களும் அவற்றுக்கான காரணங்களும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். தமிழகம் தொடர்பான ரகங்கள், தொழில்நுட்பங்கள் பற்றிய சுருக்கத்தை நம் வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆண்டுக்கொரு முறை தமிழில் வெளியிட வேண்டும். நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவில் உள்ள நம் உறுப்பினர்கள் அடுத்த மானியக் கோரிக்கையின்போது இதை எழுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
திருவாரூர் மாவட்டம்.