ஓடுகிற வண்டிக்கு மானியம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளின் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றினால் மானியம் கிடைக்கும் என்று உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். முப்பத்தோரு வருடம் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டீசல் புகைக்குள்ளேயே கிடந்தவன் நான். எனக்கு இதில் மறுப்பே கிடையாது. ஆனால் மானியத்தை எந்தக் கட்டத்தில், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் புங்கை மரத்தடியில் மூன்று பேட்டரி குப்பை வண்டிகள் நிற்கின்றன. அரசுப் பணத்தில் வாங்கியவை. வந்த அன்று மாலை போட்டு, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டினார்கள். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் ஓடின. பிறகு ஒவ்வொன்றாக மரத்தடிக்கு வந்துவிட்டன. தூய்மைக் காவலர்களாக வேலை பார்க்கும் பெண்கள் மறுபடியும் பழைய மூன்று சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

கை சும்மா இருக்காதே, ஒருநாள் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். நாலு லெட் ஆசிட் பேட்டரி, நாற்பத்தெட்டு வோல்ட். டெர்மினல் எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. மூடியைத் திறந்தால் தண்ணீர் உள்ளே இருக்கும் ஈயத் தட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் போட்டுவைத்தால் தட்டில் வெள்ளை உப்பு படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. மோட்டார், கன்ட்ரோலர், டயர் எல்லாம் நன்றாகவே இருந்தன. பேட்டரி மட்டும் செத்துவிட்டது.

ஏன் மாற்றவில்லை என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. “வண்டி வாங்கத்தான் நிதி வந்துச்சுங்க. பேட்டரிக்குன்னு எதுவும் வரல. பொது நிதியில எடுக்கலாம்னா தெருவிளக்குக்கும் மோட்டார் கரண்ட் பில்லுக்குமே பத்தல” என்றார். 2025 ஜனவரியோடு தலைவரின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான். அவருக்கு எங்கள் ஊர் மாதிரி எத்தனையோ ஊர், எத்தனையோ மரத்தடி.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மின்சார வண்டியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே வண்டிக்குப் பிறகு பேட்டரி மட்டும் வாங்கப் போனால் 18 சதவீதம். ஒரு ஊராட்சிக்கு அந்த வரி திரும்பியும் வராது. ஆக, புதிதாக வாங்குபவனுக்குச் சலுகை, இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுபவனுக்குக் கூடுதல் வரி. பேட்டரி மாற்றுவதைவிடப் புதிய வண்டிக்கு எழுதிப்போடுவதே எளிது என்று எந்த அலுவலரும் நினைக்கத்தானே செய்வார்?

நம் நாட்டில் இதற்கு மாற்று வழி தெரியாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். இ-பஸ் சேவா திட்டத்தில் 10,000 மின்சார பஸ்களுக்கான உதவி கிலோமீட்டர் கணக்கில்தான். 12 மீட்டர் பஸ் என்றால் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், 9 மீட்டருக்கு 22, சின்ன பஸ்ஸுக்கு 20 என்று பத்து வருடத்துக்கு. பஸ் ஓடினால் பணம், நின்றால் இல்லை. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 தாழ்தள மின்சார பஸ்களும் கிலோமீட்டர் ஒப்பந்தம்தான். பஸ் கம்பெனியுடையது, பேட்டரியும் அவர்கள் பாடு. பேட்டரி படுத்தால் தலைவலி யாருக்கு என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஓட்டுநரையும் கம்பெனியே வைத்துக்கொள்கிறது, கண்டக்டர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். அதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. நானும் சங்கத்துக்காரன், அந்த எதிர்ப்பு நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஓட்டுநர் யார் என்பது ஒரு சண்டை, பேட்டரிக்கு யார் பொறுப்பு என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டியதில்லை.

மின்சார வண்டிகளுக்கு மானியம் கொடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு 10,900 கோடி ரூபாய். அதில் 4,391 கோடி பஸ்ஸுக்கு, 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு. ஆம்புலன்ஸுக்கும் லாரிக்கும்கூட ஒதுக்கீடு உண்டு. காருக்கு மட்டும் மானியம் கிடையாது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிறது, துறை துறையாகப் பழைய ஜீப்பைக் கழித்துப் புதிது வாங்கியாக வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓடும், ராத்திரி அதே அலுவலக வாசலில் வந்து படுக்கும். பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எது? வாடகைக்கார் தொழிலில் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

ஆனால் சும்மா வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2017-ல் மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். அரசு அலுவலகங்களுக்காகப் பத்தாயிரம் மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்டது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்ற கணக்கு சரியான கணக்குதான். ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம் போதவில்லை, சார்ஜ் போட இடமில்லை என்று அதிகாரிகளே ஏறத் தயங்கினார்கள். அந்தப் பத்தாயிரமும் முழுதாகத் தெருவுக்கு வரவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மானியத்தில் பாதியை வண்டி வரும்போது கொடுங்கள். மீதியை நாலைந்து வருடத்துக்குப் பிரித்து, லாக்புக்கில் ஏறிய கிலோமீட்டரைப் பார்த்துக் கொடுங்கள். பேட்டரி மாற்றும் செலவையும் முதல் டெண்டரிலேயே சேர்த்து, விற்கிற கம்பெனியின் தலையில் வையுங்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக்கைப் பயிற்சி கொடுத்துப் போடுங்கள், பஸ் டிப்போவில் ஓய்வு பெற்ற ஆட்களே எவ்வளவோ பேர் சும்மா இருக்கிறோம். எங்கள் ஓய்வூதியப் பாக்கியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கடிதமாகிவிடும், விடுங்கள்.

டவுன் கடையில் விசாரித்தேன். நாலு பேட்டரியும் மாற்ற வண்டிக்கு நாற்பதாயிரத்துக்குள் முடியும் என்றார்கள். அந்தத் தாளைச் செயலரிடம் கொடுத்து மூன்று மாதமாகிறது. போன வாரம் அலுவலகப் பக்கம் போனேன். புதிதாக இரண்டு பேட்டரி வண்டி வரப்போகிறதாம். நிறுத்த இடம் வேண்டும் என்று மரத்தடியில் இருக்கும் மூன்றையும் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளியவர்கள் அதே தூய்மைக் காவலர் பெண்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை மெக்கானிக் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்