நலச் சங்க ஆண்டறிக்கை 2024–25: வீட்டுக்குள் இருக்கும் ஈயம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, தாய்மார்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்பே கால்வாய் தூர்வாரப்பட்டது. எரியாத தெருவிளக்குகள் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்டன. பூங்காவை ஒட்டிய கம்பங்கள் மட்டும் பாக்கி. குடிநீர் வரும் நேரம் பற்றிய மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆனால் இந்த ஆண்டு சங்கம் அதிகம் அலைந்தது வேறொரு விஷயத்துக்காக.

நம் உறுப்பினர் ஒருவரின் நான்கு வயதுப் பெண் குழந்தை அடிக்கடி வயிற்று வலி என்று அழுதுகொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை, முகம் வெளுத்துப் போயிருந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள், எதற்கும் கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்த குழந்தை மருத்துவர், "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டிருக்கிறார். ஈயத் தகடு உள்ள பழைய பேட்டரிகளை உடைத்துப் பிரிக்கும் இடத்தில் வேலை. உடனே ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தக் குழந்தைக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

அப்பா வேலைச் சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். அந்தச் சட்டை மற்றத் துணிகளோடு ஒரே வாளியில் ஊறும். இது ஒரு வழி. இன்னொன்று அந்த வீட்டு ஜன்னல். கம்பியில் பல வருடத்துப் பச்சை எனாமல் செதில் செதிலாக உரிந்து நின்றது. குழந்தை ஜன்னல் திண்டில் உட்கார்ந்து அதை நகத்தால் உரித்து விளையாடும். அதே கை வாய்க்குப் போகும்.

ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து உடம்பு ஏற்றுக்கொள்கிறது. ஒரே அளவு உள்ளே போனாலும் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சும். எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். மூளை வளர்ச்சியில் ஏற்படும் பாதிப்பைப் பின்னால் சரிசெய்ய முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இந்த 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. நம் நகரில் பாதி வீடுகள் அதற்கு முன்பே கட்டியவை. சுவரில் அடித்த சுண்ணாம்பைப் பற்றிக் கவலை இல்லை. கதவு, ஜன்னல் கிரில், கட்டில், தொட்டில் இவற்றில் அடித்த எனாமல்தான் பிரச்சினை. அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை. உரியாமல் இருந்தால் தொடாமல் விடலாம். பொங்கலுக்கு முன் உப்புத்தாள் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்க்கிறோமே, அப்போது பறக்கிற தூளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வீட்டை அழகாக்கும் வேலை என்று குழந்தைகளும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்.

அதனால் மார்கழியில் நம் பகுதி பெயின்டர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். மூத்த பெயின்டர் ஒருவர் பழைய கிரில் ஒன்றை வைத்துச் செய்தே காட்டினார்: கீழே பிளாஸ்டிக் விரிப்பு, கம்பியில் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு தேய்த்து, விழுந்த சேற்றை விரிப்போடு சுருட்டிக் கட்டினார். வேலை மெதுவாகத்தான் நடக்கும், கூலி கொஞ்சம் கூடும். கொடுக்கலாம். முடிந்த பிறகு துடைப்பம் எடுக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

அடுப்படி பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பு சுத்தமான வெள்ளீயமாக, அதாவது டின் என்ற வேறு உலோகமாக இருந்தால் பயமில்லை. விலை குறைகிறதே என்று காரீயம், அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் ஈயம், கலந்ததை வாங்கினால், புளியும் சூடும் சேர்ந்து அது ரசத்தில் இறங்கும். பித்தளைக்குப் பூசும் ஈயமும் அப்படித்தான். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரங்களிலும் ஈயம் கசிவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் மஞ்சள். கிழங்காக வாங்கி அரைத்தால் கலப்படம் இருக்காது என்று நம்புகிறோம். பங்களாதேஷில் பாலிஷ் போடும்போதே கிழங்கின் மேல் ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசி வந்தார்கள். 2019இல் அரசு சோதனை நடத்தி அபராதம் போட்டது, ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராக எச்சரித்தார்கள். சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடம்! ஈரோட்டுப் பக்கம் சொந்தம் உள்ள உறுப்பினர் ஒருவர் மூலம் பாலிஷ் போடாத விரலி மஞ்சளை மொத்தமாக வரவழைத்துப் பிரித்துக்கொண்டோம். நிறம் மங்கல்தான்.

பேட்டரித் தொழிலாளர் குடும்பங்களை யாரும் ஒதுக்கிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலையில்தான் அவர்கள் வீட்டு உலை கொதிக்கிறது. கடை உரிமையாளரைப் பார்த்துப் பேசினோம். குளித்து உடை மாற்றிக் கிளம்ப ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார், தண்ணீர் வசதி இன்னும் சரியில்லை. வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

குழந்தைக்கு இப்போது அளவு குறைந்து வருகிறது. 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான் ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பது வழக்கம். இவளுக்கு அந்த அளவு இல்லை. வரும் வழியை அடைத்ததும், இரும்புச் சத்து மருந்தும், முருங்கைக்கீரையும் கேழ்வரகும்தான் வைத்தியம். இரும்பும் சுண்ணாம்பும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும் என்று மருத்துவர் விளக்கினார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனைச் செலவில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும். சந்தாவை உயர்த்த வேண்டி வரலாம். அங்கன்வாடி ஜன்னல் கிரில்லை இந்தக் கோடை விடுமுறைக்குள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஈரமாகச் சுரண்டிப் புது பெயின்ட் அடிக்க அனுமதி கேட்டுக் கடிதம் தயாராக இருக்கிறது. இரண்டையும் பொதுக்குழுவின் விவாதத்துக்கு விடுகிறேன். வணக்கம்.

செயலாளர்