மாரிமுத்துவுக்கு, சான் ஏஞ்சலோவிலிருந்து

அன்புள்ள மாரிமுத்து,

இங்கு எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கோட்டைச்சாமி இன்னமும் அந்த மஞ்சள் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறான் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. பதில் எழுதாததற்கு நீ ஏற்கெனவே வேண்டிய மட்டும் திட்டியிருப்பாய், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நான் கூப்பிட்டு ஒரு கயோட்டி வந்தது.

நம் ஊர் நரியைவிடக் கொஞ்சம் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. இரண்டு சேர்ந்து ஊளையிட்டால் இருபது நிற்பதுபோல் கேட்கும். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் பண்ணை வைத்திருக்கும் பெரியவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். செம்மறி வளர்க்கிறார். போன வசந்தத்தில் குட்டிகளைத் தொடர்ந்து பறிகொடுத்தார். ஒவ்வொன்றிலும் தொண்டையில், தாடைக்குக் கீழே கடி. கயோட்டியின் கையெழுத்து அது. அவர்தான் எனக்குக் குரு. துப்பாக்கி அவருடையது, நான் அதைத் தொடுவதில்லை. அடிபட்ட இரைபோல் குரல் கொடுத்து அதைக் கூப்பிடுவது மட்டும் என் வேலை.

இந்தக் கலைக்கு டெக்சாஸில் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊரின் பர்ன்ஹாம் சகோதரர்கள் 1950களில் ஊதல்கள் செய்து நாடெங்கும் விற்றார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் கத்தும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. பெரியவர் அவற்றைக் கையால் தொடமாட்டார். எனக்குக் கொடுத்தது திறந்த தகடு வைத்த ஒரு சிறு ஊதல். பார்த்தவுடன் உன் அப்பாவின் நாதஸ்வரச் சீவாளிப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. தகட்டின் நுனியில் பல்லை வைத்தால் எலிக்குஞ்சின் கீச்சு. சற்று உள்ளே தள்ளினால் கழுத்து நெரிபடும் முயல். இன்னும் உள்ளே போனால் ஊளை. வீட்டுக்குள் ஊதக் கூடாது என்று உன் தங்கை தடை போட்டுவிட்டாள். அலுவலக வாகன நிறுத்தத்தில், கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பழகினேன். காவலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். அப்பாவிடம் உனக்குக் கிடைத்த குட்டுகள் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஊதுவது பாதிகூட இல்லை, மீதியெல்லாம் காற்று. கயோட்டி சத்தத்தை நோக்கி நேராக வராது. வட்டம் போட்டு, காற்று நம்மைத் தொட்டுச் செல்லும் பக்கத்துக்கு வந்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கும். அதனால் அந்தப் பக்கம் வெட்டவெளியாக இருக்கும்படி பார்த்து உட்கார வேண்டும். வெயில் நம் முதுகில், உடம்பு மெஸ்கீட் புதரின் நிழலில். அரை நிமிடம் அலறல், பிறகு அமைதி, மறுபடி அலறல். கால் மணி நேரத்தில் எதுவும் வராவிட்டால் எழுந்து அடுத்த இடம்.

அன்று வந்தது. புல்லுக்கு மேல் காதுகள் மட்டும் தெரிந்தன, பிறகு முகம். தயங்கி நின்றது. புறங்கையை உதட்டில் வைத்து உறிஞ்சிக் கீச்சென்று ஒலி எழுப்பினேன். இன்னும் பத்தடி வந்தது. நம் ஆற்றங்கரையில் கூடாரமடித்த நரிக்குறவப் பெரியவர் கையைக் குவித்து ஊளையிட, கரும்புக் காட்டிலிருந்து பதில் வந்ததே, அந்த ராத்திரி நினைவிருக்கிறதா? நீ அழுது அவர் மனைவி உனக்குப் பாசிமணி கொடுத்துச் சமாதானம் செய்தார். அந்தப் பதில் வந்தபோது எனக்குள் ஓடியது எதுவோ அதுதான் சனிக்கிழமையும் ஓடியது. பிறகு பெரியவர் சுட்டார்.

கிட்டே போய் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். தேய்மானமே இல்லை. போன ஆண்டுக் குட்டி. "இது என் ஆட்டைத் தொட்டிருக்காது" என்றார். இதுதான் என்னைக் குடைகிறது, மாரி. ஏமாந்து ஓடிவருவதெல்லாம் பெரும்பாலும் பெற்றோரை விட்டுப் பிரிந்து இடம் தேடி அலையும் இளசுகள். ஆட்டை அடிப்பது ஜோடி சேர்ந்து எல்லை பிடித்துக் குட்டி வளர்ப்பவை. கலிபோர்னியாவில் ஹாப்லேண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் கயோட்டிகளின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி 1990களில் பார்த்தார்கள், ஆடுகளைக் கொன்றவை அநேகமாக அந்த ஜோடிகளே. வயோமிங்கில் 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்கும் மேலே போனது. வளையிலிருந்து குட்டிகளை மட்டும் அகற்றியபோதே, தாயும் தகப்பனும் ஆட்டை அடிப்பது பெரிதும் குறைந்துவிட்டதாம். பெரும்பாலும் குட்டிக்கு இரை வேண்டித்தான் ஆட்டின் மேல் பாய்கின்றன.

அந்த ஜோடிக்கு முயல் அலறல் பழைய பொய். அதற்கு மசியாது. மசிய வைக்க வேறொரு குரல் உண்டு. அடிபட்ட கயோட்டிக் குட்டியின் கதறல், மே மாதத்தில், வளைக்குப் பக்கத்தில். எந்தத் தயக்கமும் இல்லாமல் தாய் நேரே ஓடிவரும். அதைக் கற்றுத்தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். நியாயக் கணக்கில் அவர் பக்கம் தப்பே இல்லை. குற்றவாளியைத்தான் கொல்கிறார், அப்பாவியை அல்ல. சட்டமும் தடுக்கவில்லை, டெக்சாஸில் கயோட்டி வேட்டைக்குத் தடைக் காலம் எதுவும் கிடையாது. ஒன்றும் அறியாத இளசை ஏமாற்றியபோது துள்ளிய என் மனசு, நிஜமான கள்ளியை ஏமாற்ற மட்டும் ஏன் கூசுகிறது? தாய் என்ற ஒரு சொல்லுக்காக நான் உருகுகிறேன் என்றால் அது அழுகுணித்தனம். அவருடைய ஆடுகளும் தாய்கள்தான்.

காவல் நாய் வைக்கலாமே என்றேன். இரண்டு இருக்கின்றன. கழுதையும் வைத்துப் பார்த்திருக்கிறார். கயோட்டியை விரட்டியது, கூடவே ஆட்டுக்குட்டிகளையும் விரட்டியது. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒழிப்பது ஆகிற காரியமில்லை. ஆண்டுதோறும் முக்கால் பங்கைக் கொன்றால்கூட முற்றாக அழிக்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும் என்று 1975லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஊதல் மேசை இழுப்பறையில். போவேன் என்று ஒரு நாள், மாட்டேன் என்று மறு நாள்.

வாசுகியின் கல்யாணத்துக்கு நான் வர முடியாது, மொய்ப்பணம் உன் கணக்குக்கு அனுப்புகிறேன், என் பெயரில் எழுதிவிடு. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? இந்தக் கடிதத்துக்குப் போன் செய்யாதே. போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். நான் போகலாமா கூடாதா என்று உன் கைப்பட எழுது.

உன்,
ராமு