படத்தை முழு ஒலியில் ஓட்டுங்கள்: பெங்களூரு மல்டிபிளெக்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவுக் காட்சியின் இடைவேளையில் நாங்கள் சிலர் வெளியே வந்து உங்கள் ஊழியரிடம் முறையிட்டது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். அந்த அபார்ட்மெண்ட் பேய்ப் படத்துக்கு ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்றுதான் கேட்டோம். "எல்லாத் திரைக்கும் ஒலியளவு 4.5தான் மேடம், மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை" என்றார். அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அனுமதி உங்கள் கையில் இருப்பதால் உங்களிடமே கேட்கிறேன்: படத்தை, அதை எடுத்தவர்கள் அமைத்த ஒலியளவில் ஓட்டுங்கள்.

அந்தப் படத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு ஃபிளாட், ஒரு லிஃப்ட், நாலைந்து பேர், அவ்வளவுதான். கிராஃபிக்ஸுக்குக் காசு இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. அதனால் பேயைக் கடைசிவரை காட்டவே இல்லை, சத்தத்தை வைத்தே பயமுறுத்துகிறார்கள். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு நடுராத்திரியில் மேல்வீட்டிலிருந்து கோலி உருளும் சத்தம் கேட்கிறது. இந்த ஊரில் அபார்ட்மெண்டில் குடியிருக்கும் யாருக்கும் பழகிய சத்தம்தான். ஆனால் மேல்வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். கோலி உருண்டு, நின்று, மறுபடி உருளும்போது சத்தம் திரைப் பக்கமிருந்து வருவதில்லை, நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. மேலே இருந்தது இப்போது அவள் வீட்டுக்குள் வந்துவிட்டது. திரையில் அந்நேரம் ஒரு மூடிய கதவு மட்டும்தான்.

உங்கள் அரங்கில் எங்களுக்குக் கிடைத்தது அந்தக் கதவு மட்டும்தான். ஏசியின் இரைச்சல் கேட்டது, பக்கத்துத் திரையில் ஓடிய சண்டைப் படத்தின் அதிர்வு கேட்டது, கோலி கேட்கவில்லை. அவள் எதற்காக அலறுகிறாள் என்று புரியாமல் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. படம் எடுத்தவர்கள் யாராவது அன்று அரங்கில் இருந்திருந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே மறுநாள் தம்பியோடு ஓசூருக்குப் போய் அதே படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய ஒற்றைத் திரை அரங்கம். டிக்கெட் விலையும் உங்கள் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கோலி உருண்டதும் அரங்கமே திரும்பிப் பின்னால் பார்த்தது. ஒரு தமிழ்ப் படத்தை ஒழுங்காகக் கேட்க, பெங்களூருக்காரர்கள் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாக எல்லை கடக்க வேண்டுமா?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. அரங்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டால்பி கருவியில் 7 என்ற அளவு, ஒலிக்கலவை செய்த கூடத்தில் கேட்டதே அரங்கிலும் கேட்க வேண்டும் என்பதற்காக வைத்தது. திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் அந்த அளவில் 85 டெசிபெல்லுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். 4.5 என்றால் ஏறக்குறைய 8 டெசிபெல் குறைவு. சண்டைப் படம் அதைத் தாங்கிக்கொள்ளும். கிசுகிசுப்பையும் காலடியையும் நம்பி எடுத்த படத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்த பாராநார்மல் ஆக்டிவிட்டி என்ற ஆங்கிலப் பேய்ப் படம் உலகம் முழுக்க ஓடியதற்கு இருட்டும் சத்தமும்தான் முக்கியக் காரணம்.

இரைச்சல் அதிகம் என்று புகார்கள் வருவதும் எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் கங்குவா வந்தபோது அந்தப் புகார் பெரிதாகி, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். சரி, அந்தப் படத்துக்கு அது தேவைப்பட்டது. பெரிய படம் என்றால் தயாரிப்பாளர் ஃபோன் செய்தால் போதும், ஒலியளவு மாறுகிறது. சின்னப் படத்துக்காக யார் உங்களை அழைப்பார்கள்? அதனால்தான் பார்வையாளர்களாகிய நாங்கள் கேட்கிறோம்: இந்தப் படத்தை முழு ஒலியில் ஓட்டுங்கள்.

குறை இதோடு நிற்கவில்லை. புரொஜெக்டர் விளக்கு மங்கிப்போய், இருட்டுக் காட்சிகளில் ஆள் நிற்பதே தெரியவில்லை. நாளுக்கு ஒரே காட்சி, அதுவும் இரவு 10:45-க்கு. படம் முடிந்து வெளியே வந்தால் மெட்ரோ இல்லை, ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுத்துத்தான் வீடு சேர வேண்டும். குடும்பத்தோடு எப்படி வருவது? வராவிட்டால் கூட்டமில்லை என்று காட்சியை எடுத்துவிடுகிறீர்கள். கன்னடத்தில் புதியவர்கள் எடுக்கும் சின்னப் படங்களுக்கும் இதே கதிதான் என்று என் கன்னடத் தோழிகள் புலம்புகிறார்கள். எங்களிடம் முழு விலை வாங்கிக்கொண்டு அரைப் படம் காட்டுவது நியாயமே இல்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தை இரண்டாவது வாரமும் வைத்திருப்பதற்கு உண்மையிலேயே நன்றி. வெள்ளிக்கிழமைக் காட்சிக்கு முன் உங்களில் ஒருவர் நடுவரிசையில் உட்கார்ந்து, கோலி உருளும் அந்த ஒரு காட்சியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 7 அதிகமாகப் பட்டால் 6 ஆவது வையுங்கள். அந்தத் திரைக்கு மட்டும் ஒலியளவை மாற்ற உங்கள் ஊழியருக்கு அனுமதி கொடுங்கள். முடிந்தால் சாயங்காலம் ஒரு காட்சி போடுங்கள். ஈஜிபுராவிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஈஜிபுராவிலிருந்து ஒரு ரசிகை