மழைக்கு முன்னால் உன் வீட்டு மாடி

ராயபுரம்,
புரட்டாசி இரண்டாம் ஞாயிறு

மச்சான்,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். தப்பு என்னுடையதுதான். வீட்டில் எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை, பெரியவள் படிப்பை முடித்துவிட்டாள். கோல்கீப்பர் அந்த முந்நூறு ரூபாயை உன்னிடம் கொடுத்துவிட்டதாக இன்னமும் சத்தியம் செய்கிறான். விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு உன் வீட்டு மாடிக்கு ஏறினேன். மழைக்கு முன்னால் நம் இரண்டு மாடியையும் கூட்டித் தள்ளுவது வழக்கம்தானே. தண்ணீர் போகிற ஓட்டையில் வேப்பஞ்சருகு, காத்தாடி நூல், பையன்களின் டென்னிஸ் பந்து மூன்று. எல்லாவற்றையும் கையை விட்டு எடுத்தேன். குழாய் ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்க்க நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். நாலாவது பக்கெட்டைக் கவிழ்க்கிறேன், கீழேயிருந்து, உன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற இட்லிக் கடை அக்காவின் குரல்: "தம்பி, மாவுல தண்ணி சொட்டுது!"

நாலு பக்கெட் என்றால் அறுபது லிட்டர். உன் மாடி 600 சதுர அடி. பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழுவது சுமார் 5,500 லிட்டர். ஐப்பசியில் ஒரு ராத்திரியில் நம் ஊரில் அது சாதாரணமாகப் பெய்யும், 2015 டிசம்பரில் என்ன பெய்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவும் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இறங்கி வந்து வாசல் அறையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். அம்மாவின் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே, அதற்கு அடுத்து கூரையைத் தாங்குகிற கட்டை. நடுவில் தேக்கு இன்னும் இரும்பு மாதிரிதான் இருக்கிறது, தட்டினால் கணீர் என்கிறது. சுவருக்குள் நுழைகிற முனையில் தட்டினால் சத்தமே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஈரமான, காப்பித் தூள் மாதிரி ஒரு கரும்பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது, புளித்த வாடை. பக்கத்துக் கட்டைக்கும் அதே கதி. சுற்றிலும் காரை உப்புப் பூத்து உதிர்ந்து, மேலே அடுக்கிய சின்னச் செங்கல் பல் பல்லாகத் தெரிகிறது.

அதற்கு நேர் கீழேதான் அக்காவும் பேத்தியும் பாய் போட்டுப் படுக்கிறார்கள்.

அன்றைக்கே அவர்களை எங்கள் கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். அக்கா ரொம்பச் சங்கடப்பட்டார், நான் கேட்கவில்லை. கடை மட்டும் வாசல் திண்ணையில் நடக்கிறது. இந்த மாச வாடகையை அவரிடம் கேட்காதே. நான் சொல்வது கோபத்தில் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு தடவைகூட நிமிர்ந்து மேலே பார்க்காமல் போனாயே, அது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், கோடையில் நீ சொன்னாயே, "மேலே சிமென்ட் போட்டு ஒரு கெமிக்கல் கோட்டிங் அடித்துவிட்டால் தீர்ந்தது" என்று. தயவுசெய்து வேண்டாம். இதை உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நம் இரண்டு வீடும் மெட்ராஸ் ஒட்டு. தேக்குக் கட்டை, அதன் மேல் சாய்வாக நிறுத்தி அடுக்கிய செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. சுண்ணாம்பு கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்தால் திருப்பி விட்டுவிடும். கட்டை ஈரத்தில் உப்பி வெயிலில் காய்ந்து சுருங்கும்போது சுண்ணாம்பும் கூடவே கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமென்ட் அசையாது, விரிசல் விடும். விரிசலில் இறங்கின தண்ணீர் மேலே வர வழியில்லாமல் கட்டையின் முனையைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் பாடப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பயத்தில் நானும் அதைத்தான் செய்தேன், பழைய கொத்தனார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும். 2021 நவம்பர் மழையில் சின்னவளின் படிக்கிற மேஜை மேல் மேற்கூரையிலிருந்து இரண்டு கை அகலத்துக்குக் காரை விழுந்தது. அவள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அந்தச் சத்தம் இன்னும் எனக்குத் தூக்கத்தில் கேட்கிறது.

அதன் பிறகு சிமென்ட் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பில் போட்டோம். சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாப்புளி என்கிற மரக்கட்டையால் ஒரு வாரம் தட்டினார்கள். மிக்ஜாம் புயலுக்கு, 2023 டிசம்பரில், தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்டு இல்லை, மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. (மீட்டர் பெட்டியையும் சம்பின் விளிம்பையும் அதற்கப்புறம் இரண்டடி உயர்த்திவிட்டேன், உன் வீட்டிலும் அதைச் செய்யணும், அது பெரிய செலவில்லை.)

கொத்தனார் வந்து பார்த்துவிட்டார். இப்போது கூரையைத் திறக்க நேரமில்லை. சுண்ணாம்பு சிமென்ட் மாதிரி மறுநாளே இறுகாது, வடகிழக்குப் பருவமழையோ வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். அதனால் இப்போதைக்கு இரண்டு கட்டைக்கும் கீழே சவுக்கு முட்டு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை முழுக்கச் சுண்ணாம்பில் அடைப்பு, ஏனென்றால் தண்ணீர் இறங்குவது அங்கேதான். பெயர்ந்த தட்டோடு நாற்பதுக்குப் பக்கம் மாற்றணும், அந்த அறைக்கு மேலே தார்ப்பாய் கட்டணும். பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் கட்டை மாற்றலாம். பழைய வீடு இடிக்கிற இடத்தில் நல்ல தேக்கு கிடைக்கும், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் பொதுச் சுவரில், உன் பக்கம், ஒரு அரசங்கன்று. முழங்கை உயரம்தான், ஆனால் வேர் மூன்று செங்கல் ஆழம் போயிருக்கிறது. மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும், அந்த மூன்று கல்லையும் பெயர்த்து வேரோடு எடுத்துத்தான் திருப்பிக் கட்டணும். அந்த இடத்தில்தான் நாம் காத்தாடி விடும்போது உட்கார்ந்திருப்போம். கரித்துண்டால் நீ எழுதிய ஸ்கோர் இன்னும் மங்கலாக இருக்கிறது. அந்தக் கல்லை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

கொத்தனாருக்கு அடுத்த வாரம் பெரம்பூரில் வேலை. வெள்ளிக்கிழமை வரை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். பணம் இப்போது முடியாவிட்டால் சொல், நான் போடுகிறேன், கட்டை மாற்றும்போது கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையைத் திறந்து அம்மாவின் பீரோவை நகர்த்த வேண்டும், அதை நீ இல்லாமல் தொட எனக்கு மனசு வரவில்லை. வியாழன் ராத்திரி ரயில் ஏறிவிடு. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உன்,
பின்வீட்டுக்காரன்